வட்டுகளுக்கும் ஒரு பாடு
கணிப்பொறி வளர்ந்த வரலாறு: இயல் 17

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்ட மணல்திட்டாகக் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1999-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் பி.எஸ்.எல்.வி.-சி2 என்னும் ராக்கெட், ஓஷன்சாட் என்ற செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு கிளம்பிற்று. ராக்கெட் கிளம்பும் நாட்களில் குறித்த எல்லைக்குள் கடலில் இறங்கலாகாது என்ற எச்சரிக்கைக்குக் கட்டுப்பட்டுப் படகைக் கரையேற்றி வைத்துவிட்டு, வானத்தில் எழும் புகைக்கோட்டை அண்ணாந்து பார்ப்பது, ஏரியின் தென்கோடியில் முகத்துவாரத்தை ஒட்டி வாழும் குப்பங்களுக்கு 1971 முதற்கொண்டு பழகிப்போன காரியம். ஆனால் அன்று மேலே சென்ற கோளுக்கும் அக்குப்பங்களின் வலைகளுக்கும் நேரான சம்பந்தம் ஒன்று இருந்தது. அக்கோளில் பொருத்தியிருந்த கருவி, ஒரு பார்வைக்கு 1,420 கிலோமீட்டர் அகலமுள்ள கடற்பரப்பை, ஏறக்குறைய 360 மீட்டர் அளவுள்ள சிறு கட்டங்களாகப் பகுத்து, எட்டு வகை ஒளி அலைகளில் பதிவு செய்யவல்லது. நீரின் நிறத்திலிருந்து அதில் மிதக்கும் நுண்பாசியின் அளவும், பாசியின் அளவிலிருந்து அதை நாடிவரும் மீன்கூட்டத்தின் இருப்பும் அனுமானிக்கப்படும்.

ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள ஷாத்நகர்த் தரைநிலையத்தில் வந்திறங்கும் இத்தகைய பதிவுகளோடு, வேறு கோள்கள் அளந்தனுப்பும் கடற்பரப்பின் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்து, இன்ன இறங்குதுறையிலிருந்து இன்ன திசையில், இத்தனை கிலோமீட்டர் தொலைவில், இவ்வளவு ஆழமுள்ள நீரில் மீன் கிடைக்கக்கூடும் என்று சொல்லும் குறிப்புகளை இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகள் தேசிய மையம் வெளியிடுகிறது. மேகம் கவிந்த நாட்களில் கோளின் கண் மறைந்துவிடுமாதலால் குறிப்பு வராது. ஏரிக்குள்ளே வலை கட்டுபவருக்கு இக்குறிப்பால் பயனில்லை; முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போகிறவருக்கே அது உதவும். இவ்வரம்புகளையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், தீவிலிருந்து புறப்பட்ட ஒரு பொருள் வானத்தைச் சுற்றி வந்து அதே கரையின் படகுக்கு வழி சொல்லுகிறது என்பது நம் காலத்தின் அரிய சாதனைகளுள் ஒன்று என்றே கருதுகிறேன்.

ராக்கெட்டைப் பற்றியும் கோளைப் பற்றியும் எழுதியவர் அநேகர். அவற்றுக்கும் படகுக்கும் இடையே, குளிரூட்டிய அறைகளில், நாள்தோறும் வந்து குவியும் பதிவுகளைத் தாங்கும் வட்டுகளைப் பற்றி எழுதியவர் சிலர். அவ்வட்டுகளையும் சர்வர்களையும் இணைக்கின்ற, ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுள்ள அட்டையைப் பற்றியும், அவ்வட்டையை நடத்தும் இயக்கி நிரலைப் பற்றியும் எழுதியவர் தமிழில் மிகமிகக் குறைவு. இவ்வியல் அவ்விரண்டின் சரித்திரம்.

சென்ற இயலில் ஸ்கஸி என்னும் இணைப்பு முறை 1986-இல் அமெரிக்க நியமமாக ஏற்கப்பட்டதைப் பார்த்தோம். அம்முறையில் ஒரு கம்பிவடத்தில் மொத்தம் எட்டு விலாசங்களுக்கே இடமிருந்தது. அவற்றில் ஒன்றைச் சர்வரின் அட்டையே எடுத்துக்கொள்ள, எஞ்சிய ஏழே வட்டுகளுக்கு உரியவை. வடத்தின் நீளம் ஆறு மீட்டரைத் தாண்டலாகாது. விசேஷ மின்முறையைக் கையாண்டால் இருபத்தைந்து மீட்டர் வரை போகலாம். ஆகவே வட்டு என்பது சர்வரின் வயிற்றுக்குள்ளோ பக்கத்திலோ கட்டுண்டு கிடந்தது. ஒரு சர்வர் பழுதானால் அதன் வட்டிலிருந்த செய்தியும் அதனோடு முடங்கும். ஒரே பதிவை இரு சர்வர்கள் ஆராய வேண்டுமானால் நகல் எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். இன்னொரு குறையும் அதில் உண்டு: பலர் ஒரே சமயத்தில் வடத்தைக் கேட்டால் உயர்ந்த விலாசம் உடையவருக்கே அது கிடைக்கும், அவர் மறுபடி கேட்டால் மறுபடியும் அவருக்கே. தாழ்ந்த விலாசம் பெற்ற வட்டு தன் முறைக்காக நெடுநேரம் காத்திருக்க நேரும்.

இக்குறைகளை நீக்கும் நோக்கத்தோடு 1988-இல் தொடங்கப்பெற்று 1994-இல் நியமமாக நிலைபெற்றதே ஃபைபர் சேனல். ஸ்கஸியின் கட்டளைகளை அது தள்ளிவிடவில்லை. படி, எழுது என்ற அதே பழைய கட்டளைகளைச் சிறுசிறு சட்டகங்களாகக் கட்டிக் கண்ணாடி இழையின் வழியே ஒளியாக அனுப்பிற்று. விநாடிக்கு நூறு கோடித் துடிப்புகளுக்கு மேல் செல்லும் அவ்வேகத்தில், ஒரு விநாடியில் ஏறக்குறைய 100 மெகாபைட் செய்தி போய்ச் சேரும். ஒற்றைப் பாதை இழையாக இருந்தால் பத்துக் கிலோமீட்டர் வரை போகும். வட்டு சர்வரைப் பிரிந்து தனி அறைக்கு, ஏன், தனிக் கட்டடத்துக்கே போக முடிந்தது. சேமிப்பு வலையமைப்பு என்ற ஒன்று பிறந்தது இங்கேதான்.

தொடக்க காலத்தில் அட்டைகளையும் வட்டுகளையும் ஒரு வளையமாகக் கோத்தார்கள். ஒரு வளையத்தில் 126 சாதனங்கள் வரை இருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் வளையத்தைப் பயன்படுத்துவோர் ஒரு ஜோடிதான். பேச விரும்பும் சாதனம் தன் விலாசத்தை வளையத்தில் சுற்றவிட்டு உரிமை கேட்கும். பலர் கேட்டால் குறைந்த எண்ணுள்ள விலாசம் வெல்லும். இதுவரை ஸ்கஸியின் கதைதான். ஆனால் நியமத்தை வகுத்தவர்கள் இங்கே ஒரு விதியைச் சேர்த்தார்கள்: ஒருமுறை வென்று தன் வேலையை முடித்துக்கொண்ட சாதனம், அப்போது கேட்டு நிற்கும் மற்றவர் அனைவரும் தத்தம் முறையைப் பெற்று முடியும் வரை, மறுபடி உரிமை கோரலாகாது. வலியவரும் எளியவரும் ஒருமுறை பெற்ற பிறகே அடுத்த சுற்று.

இவ்விதியைப் படிக்கையில் பழவேற்காட்டின் பாடு முறை என் நினைவுக்கு வராமலிருப்பதில்லை. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய பட்டினவ மீனவர் ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டுவரும் அம்முறையில், ஏரியில் சுத்துவலை கட்டுவதற்குரிய இடங்கள் பாடுகளாக வகுக்கப்பட்டு, இன்ன நாளில் இன்னார் இன்ன பாட்டில் வலை கட்டலாம் என்பது ஊரார் முன்னிலையில் முறைவைத்து முடிவாகிறது. நீர் ஏறி வற்றும் ஓட்டத்தோடு இறால் போய்வரும் வழியிலுள்ள இடத்துக்கும், ஒதுங்கிக் கிடக்கும் இடத்துக்கும் வரத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. நல்ல இடத்தை வலிமையுள்ளவர் நாள்தோறும் பிடித்துக்கொண்டால் ஊரில் சண்டை ஓயாது; எல்லோரும் ஒரே இடத்தில் விழுந்தால் ஒருவர் வலைக்கும் இறால் வராது. ஆகவே இன்று நல்ல பாட்டில் வலை கட்டியவர் நாளை ஒதுங்கிய பாட்டுக்குப் போகிறார். அங்கிருந்தவர் இங்கே வருகிறார். பொதுவான ஒரு நீர்ப்பரப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது எழும் பிரச்சினை எதுவோ, பொதுவான ஓர் ஒளிவளையத்தைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும்போது எழும் பிரச்சினையும் அதுவே. ஆகையால் தீர்வும் ஒத்திருப்பதில் வியப்பில்லை. பாடு முறையை அறிஞர்கள் கட்டுரைகளில் ஆராய்வதற்கு நெடுங்காலம் முன்பே குப்பத்துப் பெரியவர்கள் அதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள் என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும்.

வளையத்துக்கு ஒரு பெரிய பலவீனம் இருந்தது. புதிதாக ஒரு சாதனத்தைச் சேர்த்தாலும், இருப்பதில் ஒன்றைக் கழற்றினாலும், வளையம் முழுவதும் தன்னைத் தொடக்கத்திலிருந்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும். அவ்வளவு நேரமும் எல்லோருடைய வேலையும் நிற்கும். 1995-இல் தொடங்கிய புரோகேட் என்னும் நிறுவனம் 1997-இல் சில்க்வோர்ம் என்ற சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, ஒவ்வோர் அட்டைக்கும் தனி இழை, தனி வாசல் என்ற ஏற்பாடு பரவிற்று. விலாசம் 24 பிட் ஆயிற்று; ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட சாதனங்களுக்கு அதில் இடமுண்டு. முறைக்காகக் காத்திருக்கும் தொல்லை தீர்ந்தது.

அதே சமயம் வேறொரு கேள்வி எழுந்தது. எல்லோரும் எல்லா வட்டுகளையும் எட்ட முடியுமானால், யார் எதைத் தொடலாம்? இரண்டு சர்வர்கள் ஒன்றை ஒன்று அறியாமல் ஒரே வட்டில் எழுதினால் இருவர் எழுதியதும் பாழாகும். ஆகவே சுவிட்சில் மண்டலங்கள் வகுத்து, இன்ன அட்டை இன்ன சேமிப்பகத்தைத்தான் காணலாம் என்று வரம்பிட்டார்கள். சேமிப்பகமும் தன் பங்குக்கு, இன்ன வட்டுப் பகுதி இன்ன அட்டைக்கே உரியது என்று மறைத்து வைத்தது. பாடு முறையிலும் இப்படி ஒரு வரம்பு உண்டு. தலைக்கட்டுக் கணக்கில் சேர்ந்த குடும்பங்களுக்கே பாட்டில் உரிமை. கணக்கில் சேராதவர்க்கு இல்லை. இறால் ஏற்றுமதிப் பண்டமாகி விலையேறிய பின்னர், உரிமையில்லாத ஊராருக்கும் உரிமையுள்ள ஊராருக்கும் அங்கே மனத்தாங்கல் வளர்ந்ததும் உண்மை. இயந்திரங்களிடையே வரம்பு வகுப்பது நிர்வாகி ஒருவரின் கைவேலை. மனிதரிடையே அதைத் தீர்ப்பது அவ்வளவு சுலபமன்று. அவ்வளவோடு இந்த ஒப்புமையை நிறுத்திக்கொள்வதே நேர்மை.

இனி அட்டையைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். பச்சைப் பலகையின் கீழ்விளிம்பில் பொன்முலாம் பூசிய பற்கள் வரிசையாக இருக்கும். சர்வரின் தாய்ப்பலகையிலுள்ள காடியில் அழுந்திப் பொருந்துவது அப்பகுதிதான். நடுவில் அலுமினியத் துடுப்புகளின் அடியில் ஒரே ஒரு பெரிய சில்லு. சர்வரின் முதுகுப்புறத்தில் தெரியும் தகட்டில் ஒன்றோ இரண்டோ சதுர வாய்கள். அவற்றுள் ஒளியனுப்பும் சிறு கூடு செருகப்பட்டு, தூசி புகாதபடி ரப்பர் மூடி போட்டிருக்கும். மூடியைக் கழற்றி, ஆரஞ்சு நிறத்திலோ கடல்நீல நிறத்திலோ வரும் இழையைச் செருகினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். ஒளி போகும் இழையின் உள்தண்டு 50 மைக்ரான் கனந்தான், அதாவது தலைமயிரைக் காட்டிலும் மெலிது; அதன் முகத்தில் ஒட்டிய ஒரு துகள் போதும், இணைப்பு தடுமாறுவதற்கு. அட்டையின் மேல் ஒட்டிய வெள்ளைச் சீட்டில் பதினாறு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். அதுதான் உலகில் வேறெந்த அட்டைக்கும் இல்லாத அதன் பெயர். பழகிய கண்ணுக்கு அதன் தொடக்கமே குலத்தைச் சொல்லிவிடும்: 10, 00, 00, 00, சி9 என்று தொடங்கினால் எமுலெக்ஸ், 21, 00, 00, இ0, 8பி என்று தொடங்கினால் கியூலாஜிக். மண்டல வரம்பும் வட்டுரிமையும் பெரும்பாலும் இப்பெயரைக் கொண்டே எழுதப்படுவதால், பழுதான அட்டையை எடுத்துவிட்டு அதே வகையில் புதியதைப் போட்டாலும், புதிய பெயரைச் சுவிட்சிலும் சேமிப்பகத்திலும் பதியும் வரை ஒரு வட்டும் கண்ணுக்குத் தெரியாது. நள்ளிரவில் அட்டை மாற்றும் பொறியாளர்கள் முதலில் அந்த வெள்ளைச் சீட்டைப் பார்த்து எழுதிக்கொள்வது இக்காரணம் பற்றியே.

எமுலெக்ஸ் 1979-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. கியூலாஜிக் அதன் வயிற்றில் பிறந்து 1990-களின் முற்பகுதியில் தனியே பிரிந்தது. தாயும் சேயுமாகிய இவ்விரண்டே உலகச் சந்தையின் பெரும்பகுதியை நெடுங்காலம் பங்கிட்டுக்கொண்டன. வேகம் 2, 4, 8, 16, 32 கிகாபிட் என்று ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டே வந்தது. அதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

விரித்துரைக்க வேண்டியது இயக்கி நிரலை. டிரைவர் என்று தொழிலில் எல்லோரும் சொல்வது இதைத்தான். சர்வரின் இயங்குதளத்துக்கு இழையும் தெரியாது, ஒளியும் தெரியாது. ‘இந்த வட்டில் இந்த இடத்திலிருந்து இவ்வளவு படி’ என்று மட்டுமே அதற்குச் சொல்லத் தெரியும். அட்டைக்கோ கோப்பும் தெரியாது, பயனரும் தெரியார். நினைவகத்தில் தனக்கென வகுத்த வரிசையில் வந்து நிற்கும் கட்டளைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அதிகபட்சம் 2,112 பைட் செய்தி கொள்ளும் சட்டகங்களாக்கி அனுப்பத்தான் அது அறியும். இருவருக்கும் நடுவே நின்று, சர்வர் உயிர்பெற்றவுடன் அட்டையை எழுப்பி, அதன் உள்நிரலின் பதிப்பைச் சோதித்து, சுவிட்சிடம் போய் விலாசம் கேட்டு வாங்கி, சேமிப்பகத்திடம் அறிமுகம் செய்துகொண்டு, எந்தெந்த வட்டுகள் தனக்குரியவை என்று விசாரித்து, அவற்றை இயங்குதளத்திடம் ஒப்படைப்பது இயக்கி நிரலின் வேலை. அதன்பின் ஒரே நேரத்தில் எத்தனை கட்டளைகளை ஒரு வட்டின்மேல் ஏற்றலாம் என்று அளவு வைப்பதும் அதுவே. வழக்கமாக முப்பதை ஒட்டிய எண்ணிக்கை. அளவை ஏற்றினால் வேகம் கூடுவதுபோல் தோன்றும். பல சர்வர்கள் அப்படி ஏற்றிவிட்டால் சேமிப்பகம் திணறிப்போய் எல்லோரையும் திருப்பியனுப்பும்.

இந்நிரல்களைத் தொடக்கத்தில் அட்டை செய்த நிறுவனங்களே தனியாகக் கொடுத்தன. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல் ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் இயக்கி நிரலையும் அதற்கேற்ப மறுபடி கட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது. அதை மறந்து சர்வரை நிறுத்தித் தொடங்கினால், வட்டுகள் யாவும் பழுதின்றி இருந்தும் ஒன்றுகூடத் தென்படாது. எமுலெக்ஸின் எல்.பி.எஃப்.சி. என்னும் நிரல் 2005-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த 2.6.12 பதிப்பிலிருந்து கருநிரலின் உள்ளேயே இடம்பெற்றது. கியூலாஜிக்கின் நிரலும் அவ்வாறே உள்ளே வந்தது. எவரும் படித்துப் பார்க்கவும் திருத்தவும் கூடிய பொதுச்சொத்தாக அவை ஆனதை இத்துறையின் மிகப் பெரிய நன்மையாக மதிக்கிறேன். ஏனெனில் பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் பதிவுகள், கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்தான நிரலை நம்பித் தொங்குவது எவ்வகையிலும் விரும்பத்தக்கதன்று.

இயக்கி நிரலுக்குரிய மிக நுட்பமான கடமை பொறுத்திருப்பது. இழை அறுந்தாலோ சுவிட்ச் ஓய்ந்தாலோ, உடனே ‘வட்டு போயிற்று’ என்று கைவிரித்தால், கணநேரத் தடங்கலுக்குக்கூடக் கோப்புகள் குலையும். அதிக நேரம் பொறுத்திருந்தாலோ பயனர் உறைந்துபோய் நிற்பார். சாதாரணமாக 30 விநாடி காத்திருக்கும்படி வகுத்திருக்கிறார்கள். 30 விநாடியையும் தாங்க முடியாத இடங்களில் இரண்டு அட்டைகள், இரண்டு சுவிட்சுகள், இரண்டு பாதைகள் என்று அமைத்து, ஒன்று ஓய்ந்தவுடன் மற்றதற்கு மாறும்படி செய்வார்கள்; அப்போது முதற்பாதைக்குரிய பொறுமையை ஓரிரு விநாடிகளுக்குக் குறைத்துவிடலாம்.

இந்த விநாடிக் கணக்கு வெறும் தொழில்நுட்ப விவகாரமன்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்ராவின் அருகே கடலடி நிலம் பிளந்தபோது, நம் கரையை அலை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட அவகாசம் இருந்தது; ஆயினும் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு மட்டுமன்றிச் சோழமண்டலக் கரை முழுவதற்கும் எச்சரிக்கை சொல்ல அன்று நம்மிடம் ஏற்பாடு இருக்கவில்லை. அதன் பிறகே ஹைதராபாத்திலுள்ள அதே கடல் தகவல் மையத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் 2007 அக்டோபர் 15 முதல் இயங்கத் தொடங்கிற்று. நிலநடுக்கமானிகளும் கடல்மட்டக் கருவிகளும் அனுப்பும் அளவுகளை வாங்கி, முன்கூட்டியே கணித்துச் சேமித்து வைத்த அலைக்கணக்குகளோடு ஒப்பிட்டு, நிமிஷக் கணக்கில் முடிவு சொல்ல வேண்டிய இடம் அது. அத்தகைய நிலையத்தில் வட்டுக்குப் போகும் வழி எந்த நிமிஷத்திலும் அடைபடலாகாது. இரட்டைப் பாதை அங்கே ஆடம்பரமன்று, கட்டாயம்.

நிறுவனங்களின் பிற்காலக் கதை சுருக்கமானது. எமுலெக்ஸை 2015-இல் அவாகோ வாங்கிற்று. அவாகோ மறு ஆண்டே பிராட்காமை வாங்கி அதன் பெயரைத் தானே சூடிக்கொண்டது. கியூலாஜிக்கை 2016-இல் கேவியமும், கேவியத்தை 2018-இல் மார்வெலும் வாங்கின. பலகையில் பெயர் மாறிய போதிலும், கருநிரலுக்குள் பழைய இயக்கி நிரல்களின் பெயர்கள் அப்படியே இருக்கின்றன.

ஆனால் பெயர் இருப்பதால் எல்லா அட்டைகளுக்கும் ஆதரவு இருப்பதாகக் கொள்ளலாகாது. 2019-இல் ரெட் ஹேட் நிறுவனம் தன் லினக்ஸின் எட்டாம் பதிப்பை வெளியிட்டபோது, அதே இயக்கி நிரல்களிலிருந்து பழைய அட்டைகள் பலவற்றின் அடையாள எண்களை நீக்கிவிட்டது; நல்ல நிலையிலுள்ள அட்டை, நல்ல இழை, நல்ல வட்டு எல்லாம் இருந்தும், புதிய பதிப்புக்கு மாறிய சர்வர் அவ்வட்டையைக் கண்டும் காணாததுபோல் கடந்துபோகும். இரும்பு தேய்வதற்கு முன்பே நிரல் கைவிட்டுவிடுகிறது. ஓஷன்சாட் 2010 ஆகஸ்ட் வரை அனுப்பிய பதினோராண்டுப் பதிவுகளையும், 2009-இலும் 2022-இலும் அதே தீவிலிருந்து சென்ற இரு வாரிசுகளின் பதிவுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால்தான், கடல் சூடாவதும் மீன்வரத்து இடம் மாறுவதும் தெளிவாகும். ஆகவே பழைய சேமிப்பகத்தை நம்பியிருக்கும் எந்த நிலையமும், இயங்குதளத்தைப் புதுப்பிப்பதற்கு முன்னரே, தன் அட்டை இன்னும் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் பதிவுகளை முதலில் புதிய வட்டுக்கு மாற்றிவிட வேண்டும். இவ்வேலைக்கென ஆளும் பணமும் ஒதுக்காமல் கோளுக்கு மட்டும் ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று.

ஈதர்நெட் கம்பியிலேயே ஸ்கஸியை அனுப்பும் ஐஸ்கஸி 2004-இல் நியமமாயிற்று. சிறிய அலுவலகங்கள் அதைத் தழுவின. ஃபைபர் சேனலையே ஈதர்நெட்டின்மேல் ஏற்றும் முயற்சி 2009-இல் நியமமாகியும் எதிர்பார்த்தபடி பரவவில்லை. சுழலும் வட்டுக்குப் பதிலாக மின்னணு நினைவகம் வந்தபின், ஸ்கஸியின் கட்டளைமொழியே மெதுவானது என்று கருதி வகுத்த என்.வி.எம்.இ. என்ற புதிய மொழியை ஃபைபர் சேனலில் அனுப்பும் நியமம் 2018-இல் வந்தது. இன்றைய அட்டை ஒன்று பழைய மொழியையும் புதிய மொழியையும் ஒரே இழையில் ஒரே சமயத்தில் பேசுகிறது. எமுலெக்ஸ் அட்டையில் அதை நடத்துவது அதே எல்.பி.எஃப்.சி. நிரல்தான். என்.வி.எம்.இ. பிறந்த விதத்தையும், ஒரே ஒரு கட்டளை வரிசை இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான வரிசைகள் வந்ததன் காரணத்தையும் அடுத்த இயலில் பார்ப்போம்.